அம்மாப் பாட்டுக்கு மூட்டிய அடுப்பு

கோப்பாய் தாண்டியதும் பஸ்ஸில் தாயைப் போற்றும் ஓர் அம்மாப் பாட்டுத் தொடங்கியது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உந்தப் பாட்டாலைதான் நான் அடுப்பு ஊத வேண்டி வந்தது."

"பாட்டுக்கும் அடுப்புக்கும் என்ன சம்மந்தம், ரீச்சர்?"

"என்ரை எழுபதாவது பிறந்தநாளுக்கு மகன் கனடாவிலை இருந்து வீடியோக்காரனைப் பிடிச்சு விட்டவன். உந்தப் பாட்டுக்கு நான் விறகடுப்பை ஊதி, சீலைத் தலைப்பாலை கண்ணைத் துடைக்கவேணுமாம். வீட்டிலை இருக்கிறது காஸ் அடுப்பு. வீடியோக்காரன் முற்றத்திலை மூண்டு கல்லை அடுப்பா வைச்சிட்டான்."

"ஊதினனீங்களோ?"

"எனக்கு எங்கை அடுப்பு மூட்டத் தெரியும்? விடியவெள்ளண படிப்பிக்கப் போயிடுவன். பிள்ளையளுக்குச் சமைச்சுக் குடுத்தது என்ரை மனுசன்தான்."

"மகனுக்கு அது தெரியாதோ?"

"தெரியாமல் என்ன? தேப்பன் அவிச்ச புட்டைத் திண்டு வளந்தவன். வீடியோவைப் பாத்திட்டு, 'இப்பிடிப் புகைக்குள்ளை நிண்டுதானே அம்மா எங்களை வளத்தனீங்கள்' எண்டு அழுறான்!"

"ஐயா ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவர் என்னத்தைச் சொல்லுறது? அண்டைக்கும் அடுப்பை ஊதி மூட்டித் தந்தது அவர்தான். நெருப்புப் பத்தின உடனை வீடியோக்காரன் சொல்லுறான், 'ஐயா, நீங்கள் படத்துக்குள்ளை விழுறியள், அங்காலை போங்கோ' எண்டு."