கடைசி வண்டி வரும்வரை

மாலை ஆறரை மணி. மலைச் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. தார் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது... சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒருவன் கையை நீட்டியபடி நின்றான்.

"லிஃப்ட் கேட்டானா?"

சிரிக்காதே. இது என் சிநேகிதனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எங்களுக்கும் அவர் அத்தான்தான். விடுமுறை வந்தால் தோல் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கூட்டத்தோடு ரேஸ் பைக்கில் மலையேறிவிடுவார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். சாலை பிரிந்தால், முதல் வண்டிக்கு அடுத்து வருகிறவன் அங்கேயே நின்று, போக வேண்டிய பக்கம் கை காட்ட வேண்டும். கடைசி வண்டி வந்து ஹார்ன் அடித்த பிறகுதான் நகரலாம். அதுவரை மழையோ இடியோ... அசையக் கூடாது.

போன வருடம் கடைசி வண்டி அத்தானுடையது. பிரிவில் நின்றது அவருடைய சொந்தத் தம்பி. மெதுவாக ஓட்டுகிறவன் என்பதால் முதல் வண்டிக்குப் பின்னாலேயே அவனை விடுவார்கள். பட்டப்பெயர் நத்தை.

கடைசி வண்டியாக ஊர்ந்து ஊர்ந்து அத்தானுக்குக் கை நமநமத்தது. பிரிவுக்கு முன்பே காட்டுக்குள் ஒரு பழைய பாதை, வளைவுக்கு மேல் வளைவு. பிரிவைத் தொடாமலே போய்விடலாம். ஆசை விடவில்லை. வண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டி, எல்லோருக்கும் முன்னால், கூட்டம் வந்து சேரும் டீக்கடையில் போய் நின்றார்.

"உன் தம்பி எங்கப்பா?"

"வருவான், வருவான். நத்தையில்ல? வீட்டையும் முதுகுல தூக்கிட்டு வரணுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு டீ சொன்னார்கள்.

அங்கே, பனியில், மர லாரிக்காரனுக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்ததாம். அதுவும் கடைசி நொடியில்.

அதன் பிறகு அத்தானின் அம்மா பெரிய மகனோடு பேசவில்லை. தட்டு வைப்பாள். பேசமாட்டாள். தம்பி இன்னும் அங்கேயே நிற்பதாக லாரிக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஹார்ன் அடித்து அவனை அனுப்பிவிட்டு வரலாம் என்றுதான் அத்தான் தனியாகப் போனார்.

நின்றான். ஹெல்மெட் முழுக்க நீர்த்துளிகள். சூடேறிய பிரேக்கின் கருகல் வாடை... அவன் வண்டியைக் காணோம்.

அத்தான் ஹார்னை அழுத்தினார். நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"போடா தம்பி... போ."

எங்கோ ஓர் இன்ஜின் இருமிக் கிளம்பியது. நின்றவன் முன்னால் போக வேண்டும், அதுதான் வழக்கம். சத்தம் அத்தானுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவர் ஓட்டினார். வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஒற்றை விளக்கு. அவசரமே இல்லாமல்... அடுத்த பிரிவில் அவர் கால் தானாக ஊன்றியது. கை தானாக நீண்டது. விளக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் அணைந்தது. வரவே இல்லை.

விடிந்ததும் யாரோ அவரைத் தூக்கி வந்தார்கள். கை இறங்கவில்லை. இப்போது கூடத்தில் நிற்கிறார். அக்கா கார் ஹார்ன் அடித்துப் பார்த்தாள். "இது அவன் வண்டி இல்ல" என்கிறாராம். தம்பியின் நசுங்கிய வண்டி ஷெட்டில்தான் கிடக்கிறது. அதன் ஹார்ன் இன்னும் வேலை செய்யும். ஷெட் சாவி அம்மாவிடம்.

"அத்தை, உங்க காலப் புடிக்கிறேன். ஒரே ஒரு தடவ அடிச்சிடுங்க."

"எம் புள்ள நின்னான்ல? இவனும் நிக்கட்டும்."

போன வாரம் சிநேகிதன் போயிருந்தான். நல்ல வெயில். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அத்தானின் விரல் நுனியிலிருந்து பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது... சொட்... சொட்... அம்மா துணியோடு வந்தாள்.

தரையை மட்டும் துடைத்துவிட்டுப் போனாள்.