ஏரி ரோட்டுல எடுத்த நாலு படம்

மணி பதினொண்ணைத் தாண்டிருச்சு... பழைய ஏரி ரோடு. மேல புதுப் பாலம் வந்ததுல இருந்து கீழ அந்த ரோட்டுல ஒரு ஈ காக்கா கிடையாது. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் முள்ளுப் புதர். விளக்குக் கம்பம் இருக்கு, விளக்கு எரியாது. அங்க போய் ஒரு மனுஷன், மாசமா இருக்கிற பொண்டாட்டியையும் கூட்டிட்டு, காரை நிறுத்துறாரு.

சிரிக்காதீங்க. முதல்ல எல்லாரும் போனைக் கவுத்து வைங்க, மூஞ்சில வெளிச்சம் அடிக்குது. ஆங்... இப்ப சரி.

இது என்கூட வேலை பார்க்கிறவனோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள்ள கிரீஸும் கையுமா கிடப்பாரு, வேலை முடிஞ்சா போன் கேமராவும் கையுமா திரிவாரு. புதுசா எந்த கேமரா ஆப் வந்தாலும் அவர் போன்ல ஏறிடும். குழாய்ல தொங்குற சொட்டு, கண்ணாடில விழுற நிழல், எதையும் விடமாட்டாரு. ஆனா வீட்ல ஒரு விஷயத்துக்கு மட்டும் தடா. வயித்துல பிள்ளை இருக்கிறப்போ அந்த அக்காவைப் படம் எடுக்கக் கூடாது. ஏற்கெனவே ரெண்டு தடவை தங்கல... ரெண்டு தடவையும் இவர் ஆசை ஆசையா எடுத்து வச்சிருந்தாரு. அந்தப் படங்களை அழிக்கவும் மனசு வராது, பார்க்கவும் முடியாது. அந்த வேதனை எதிரிக்கும் வரக் கூடாதுங்க.

இந்தத் தடவை எட்டு மாசம் தாண்டிருச்சு. டாக்டரே இனிமே பயமில்லைன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு அக்காவே வாயைத் திறந்து, "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க. ஆனா என் மூஞ்சி தெரியக் கூடாது"ன்னு சொன்னாங்களாம். மனுஷனுக்குக் கால் தரையில நிக்கல.

மூஞ்சி தெரியாம எடுக்க ஒரு வித்தை இருக்கு. அதுக்குக் கும்மிருட்டு வேணும். போனை ஸ்டாண்டுல நிறுத்தி ஆப்ல முப்பது செகண்ட் வச்சா, அவ்வளவு நேரமும் கேமரா கண்ணை மூடாம பார்த்துக்கிட்டே இருக்கும். வெளிச்சம் போற வழியெல்லாம் படத்துல கோடா விழும். அக்கா பக்கவாட்டுல திரும்பி அசையாம நிக்கணும். இவர் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு, அவங்களுக்கு அந்தப் பக்கம் குனிஞ்சு நின்னு, சின்ன டார்ச்சை கேமரா பக்கமா காட்டி, கால்ல ஆரம்பிச்சு முதுகு, தலை, மூக்கு, வயிறுன்னு உடம்போட ஓரத்தை ஒரு சுத்து சுத்தி வரணும். இருட்டுல இவர் படத்துல விழமாட்டாரு. அக்காவோட உருவம் மட்டும் ஒரே கோட்டுல நிக்கும். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் அமுக்க வேண்டாம்னு, ஒண்ணு முடிஞ்சதும் தானா அடுத்தது எடுக்கிற மாதிரி ஆப்பை வச்சுட்டாரு.

முதல் படத்துல அக்கா சிரிச்சுட்டாங்க, தலை ஆடிருச்சு. ரெண்டாவதுல இவர் கால் தடுமாறி டார்ச் எங்கெங்கயோ கிறுக்கிருச்சு. "இன்னும் ஒண்ணும்மா, இதான் கடைசி"ன்னாரு. அப்போ மேல பாலத்துல ஒரு லாரி... தடதடதடன்னு தூணே அதிர்ற மாதிரி போச்சு. அந்தச் சத்தம் அடங்குறதுக்குள்ள போன் 'டிக்'னுச்சு. மூணாவது படம் ஆரம்பிச்சிருச்சு.

இருட்டுல கையை நீட்டித் தோளைத் தேடினாரு. இருந்துச்சு. குனிஞ்சு கால்ல இருந்து ஆரம்பிச்சாரு. உடுப்போட ஓரம் ஈரமா இருந்துச்சு... பனியா இருக்கும்னு நினைச்சாரு. உடம்பும் சில்லுனு... ஏரிக் காத்து. அப்புறம் ஒரு வாடை. லிஃப்ட் குழில மாசக்கணக்கா தண்ணி தேங்கிக் கிடந்தா ஒரு வாடை வரும், அது அவருக்கு நல்லாத் தெரியும். ஏரிதானே, வரத்தான் செய்யும்னு விட்டுட்டாரு. முதுகு... தலை... முகம்... அதுக்கப்புறம் வளைஞ்சு வர வேண்டிய டார்ச், நேரா கீழ இறங்கிருச்சு. இருந்த அவசரத்துல அதையும் அவர் யோசிக்கல. ஒரு அசைவு இல்ல. மூச்சு விடற சத்தம்கூட இல்ல.

"சபாஷ்ம்மா... இப்படித்தான் நிக்கணும்"னாரு.

"யார்கிட்ட பேசறீங்க?"

குரல் கார்ல இருந்து வந்துச்சு.

"கால் மரத்துப் போச்சு, உள்ள உட்காரப் போறேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன். லாரி போச்சுல்ல... அப்போ."

டார்ச் கையை விட்டு விழுந்துச்சு. எங்க விழுந்துச்சுன்னு அவர் பார்க்கல. காருக்குள்ள பாய்ஞ்சு எல்லாக் கதவையும் பூட்டி, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாரு. பக்கத்து சீட்ல அக்கா. "என்னங்க ஆச்சு?" "ஒண்ணுமில்லம்மா... நாய் ஒண்ணு." பிள்ளையைச் சுமக்கிறவகிட்ட வேற என்னத்தைச் சொல்றது? ஜன்னல் வழியா வெளியவே உத்துப் பார்த்துக்கிட்டிருந்தாரு. வெளிய ஒரு வெளிச்சமும் இல்ல, ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இறங்கி, போனை ஸ்டாண்டோட பிடுங்கிட்டு வந்து வண்டியை எடுத்தாரு.

வீட்டுக்கு வந்ததும் அக்கா படுக்கப் போயிட்டாங்க. இவர் ஹால்ல உட்கார்ந்து போனைத் திறந்தாரு. எல்லாத்தையும் அழிச்சுடலாம்னுதான் திறந்தாரு... ஆனா பார்க்காம இருக்க முடியுமா?

மூணாவது படம். ஒரு பொம்பளை உருவம். வயிறு ஒட்டிப் போயிருக்கு. ரெண்டு கையும் முன்னாடி நீட்டி, குழந்தையை ஏந்துற மாதிரி... கைல ஒண்ணுமில்ல. முன்னாடி நீட்டின கையை இவர் டார்ச்சால வரையவே இல்ல.

அடுத்ததைத் தள்ளினாரு, நாலாவது படம் வந்துச்சு. இவர் காருக்குள்ள உட்கார்ந்திருந்தப்போ ஆப் தானா எடுத்தது. படம் முழுக்க இருட்டு. ஓரத்துல இவங்க கார். ஜன்னலுக்குள்ள ஒரு கோடு... அக்காவோட தலை, மூக்கு, கழுத்து. ஒரு பிசிறு இல்ல, இவர் போட்டதைவிட நல்லா இருந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. கோடு விழணும்னா டார்ச் ஆளுக்கு அந்தப் பக்கம் இருக்கணும். கேமரா வெளிய. நடுவுல அக்கா. அந்தப் பக்கம் இவர். அப்படின்னா டார்ச் பிடிச்ச கை, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்திருக்கு. இவர் கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் படல.

கழுத்துக்குக் கீழ கார் கதவு மறைச்சிருக்கணும். மறைக்கல. மத்த இடத்துல எல்லாம் ஒரே கோடு. வயித்துக்கிட்ட மட்டும்... சுத்திச் சுத்தி... சுத்திச் சுத்தி...

போனைப் போட்டுட்டு ஓடினாரு. படுக்கையறைக் கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. உள்ள விளக்கு எரியல. ஆனா சுவத்துல ஒரு வெளிச்சம்... மெதுவா, நிதானமா ஏறிக்கிட்டிருந்துச்சு. அதே வாடை.

ஸ்விட்சைத் தட்டினாரு. யாரும் இல்ல. கட்டிலைச் சுத்தித் தரையெல்லாம் ஈரம். அக்கா பக்கவாட்டுல படுத்திருந்தாங்க. கண்ணு திறந்திருந்துச்சு. ஒரு விரல்கூட அசையல.

இவர் கிட்டப் போய்க் குனிஞ்சாரு. அக்காவோட உதடு மட்டும் லேசா அசைஞ்சுச்சாம்.

"லைட்டை அணைங்க... அவ இன்னும் முடிக்கல."