விசாலி அம்மையார் கண்மாய்க்கரையில் சொன்ன உண்மை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேலாளர் வீரபாண்டியன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விசாலி அம்மையாரின் தாயார் அவர்களே, அடுத்த ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, மூன்று ஷிப்ட் தோழர்களே, வணக்கம்.

சேறு பிழியும் பிரிவின் முத்துராமலிங்கம் பேசுகிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நமது ஆலையின் வேதியியலர் விசாலி அம்மையார், காய்ச்சலென்று மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் அவர் உயிரோடு இல்லை என்றார்கள். கேட்டுவிட்டு நான் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது?

வெள்ளைக் களிமண்ணைக் கழுவும் ஆலை நமது. மணல் தானே அடியில் தங்கிவிடும். மாவைவிட மெல்லிய தூள் தங்காது, நாள்கணக்கில் மிதக்கும். அதை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கீழே இறக்க ஒரு மருந்து விடுகிறோம். தெளிந்த தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது.

சென்ற ஐப்பசியில், தூள் சீக்கிரம் இறங்கட்டும் என்று அம்மையார் மருந்தைக் கூட்டினார். மறுநாள் தண்ணீர் பாலாக வெளுத்தது. இன்னும் கூட்டச் சொன்னோம் நாங்கள். இன்னும் வெளுத்தது. கண்மாயும் வெளுத்தது. மழையின்மேல் பழி போட்டவர்கள் எத்தனை பேர்? நானும் போட்டேன்.

அவர் போடவில்லை. ஆறு கண்ணாடிக் குடுவைகளில் அந்தத் தண்ணீரை ஊற்றி, வெவ்வேறு அளவில் மருந்து விட்டுப் பார்த்தார். குறைவாக விட்டதில் தூள் இறங்கியது. கூடுதலாக விட்டதில் மிதந்தது.

“அண்ணே, மருந்து கூடிப்போனாலும் தூள் ஒட்டாது. கூட்டுனது நாந்தான். ஊருக்குப் போய்ச் சொல்லணும்” என்றார்.

“ஒருத்தரும் கேக்கலையேம்மா. மழைத்தண்ணின்னு விட்ருவோம்” என்றேன்.

“கேக்காட்டி சொல்லக் கூடாதாண்ணே?”

கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கருப்பம்மாளிடம்தான் முதலில் சொன்னார். “நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எதுக்குத் தாயி வந்து சொல்றீக?” என்று அந்த அம்மா கேட்டார்.

“ஆடு குடிக்கிற தண்ணியாச்சேக்கா.”

கூட்டம் கூடியது. ஒருவர் கடுமையாக ஏசினார். அம்மையார் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மேலாளரிடம் பேசி, கண்மாய் தெளியும்வரை ஆலையை நிறுத்தவைத்தார். ஊருக்கு டிராக்டரில் நல்ல தண்ணீர் போனது. பதினோரு நாளில் கண்மாய் தெளிந்தது. வேலை தெரிந்தவர் என்று அவரைப் புகழலாம். தன் தவற்றைத் தானே தேடிப்போய்ச் சொன்னவரை எப்படிப் புகழ்வது? எனக்குத் தெரியவில்லை.

அம்மா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்று உங்கள் மகளை வண்டியில் அழைத்துப்போனவன் நான். அவரை ஏசும்போது நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

தோழர்களே, மருந்தின் அளவை இனி தினமும் குடுவையில் பார்த்தே விடுவோம். அப்படியும் நமது தண்ணீர் கலங்கினால், யாரும் கேட்பதற்கு முன் அந்த ஊருக்குப் போவோம். முதலில் நான் இறங்குவேன்.