ரெண்டு தட்டுனா ஆமா

பூவிழி: அப்ப வெட்டவே மாட்டீங்க?

ஆரோக்கியராஜ்: மாட்டேன்னு சொன்னனா? இன்னும் நேரம் வரலன்னேன்.

பூவிழி: ரெண்டு வருசமா வராத நேரம்... மாமா, பதினோரு மணிக்குப் பூசை. எங்கக்காவுக்கு ரெண்டாம் வருசப் பூசை. இங்க பாலக்கோட்டுல இருந்து கடத்தூர் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். 'மேரி கடைசியா ஊத்துன சீஸ எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு குடுக்குறேன்'னு சாமியார்கிட்டச் சொன்னது யாரு? நானா?

ஆரோக்கியராஜ்: நான்தான்.

பூவிழி: வெளிய மாதையன் வேனோட நிக்கிறான்.

ஆரோக்கியராஜ்: நிக்கட்டும். தெனம் தக்காளிக் கூடை ஏத்துறவன், இன்னைக்கு ஒரு நாளு சும்மா ஒக்காரட்டும். நீ சாப்புட்டியா? அந்தத் தட்டுல ரொட்டி இருக்குது. மேல தக்காளிய வெச்சுச் சாப்புடு.

பூவிழி: எனக்கு வேணாம்.

ஆரோக்கியராஜ்: வேணாம்னா எப்படி? மண்டியில நானே குனிஞ்சு பொறுக்குனது. சதை கெட்டியா இருக்கணும், தண்ணி கம்மியா இருக்கணும். வெயில்ல காயவெச்சு எண்ணெயில போட்டது. இத்தாலியில இப்படி ஒரு தக்காளி கெடைச்சா கோயில்ல வெச்சுக் கும்புடுவான்.

பூவிழி: கடையத் தொறந்து வித்தாத்தான மாமா அது தக்காளி. போன மாசத்துல இருந்து பூட்டியே கெடக்குது. பஸ் ஸ்டாண்டுல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா?

ஆரோக்கியராஜ்: என்ன பேசிக்கிறாங்க?

பூவிழி: 'இத்தாலிக் கடைக்காரரு பின்னாடி ரூம்ல ஒக்காந்து யாருகூடவோ பேசுறாரு'ன்னு.

ஆரோக்கியராஜ்: பேசட்டும். மொதல்ல 'ஊறுகாக் கடை'ன்னாங்க. பன்னித் தொடைய உப்புப் போட்டுத் தொங்கவுட்டா, 'என்னங்க, மசாலாத் தடவ மறந்துட்டீங்களா'ன்னாங்க. ஒருத்தரு வந்து பரோட்டா கேட்டாரு. இல்லைன்னேன். அப்பறம் என்ன ஓட்டலுன்னுட்டுப் போயிட்டாரு.

பூவிழி: சிரிக்க வெக்காதீங்க. நான் சிரிக்கிறதுக்கு வரல.

ஆரோக்கியராஜ்: சிரிச்சுட்டியே.

பூவிழி: மாமா, கேளுங்க. இன்னைக்கு இதை வெட்டிக் குடுத்துட்டு நீங்க வெளிய வந்தாச் சரி. வரலைன்னா உங்க தம்பி சேலத்துல ஒரு டாக்டருகிட்டப் பேசி வெச்சிருக்காரு. கடைச் சாவியும் அவரு வாங்கிக்குவாராம். அம்மா சொல்லுச்சு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னும் சொல்லுச்சு.

ஆரோக்கியராஜ்: ...சாவியவா?

பூவிழி: அதுக்குத்தான் நான் ஓடியாந்தேன். யாருகூடப் பேசுறீங்க மாமா? என்கிட்டச் சொல்லுங்க.

ஆரோக்கியராஜ்: உள்ள வா. செருப்பக் கழட்டிட்டு வா. கதவச் சாத்து, ஈ வரும்.

பூவிழி: அப்பா, என்ன குளிரு... மத்த பலகையெல்லாம் காலியாக் கெடக்குதே.

ஆரோக்கியராஜ்: எல்லாம் வித்தாச்சு. புதுசா ஊத்தல. நடுப் பலகையில இது ஒண்ணுதான்.

பூவிழி: நெறமே மாறிப் போச்சு. ஊத்துனப்ப வெள்ளையா... இப்பப் பழைய வெல்லம் மாதிரி இருக்குது.

ஆரோக்கியராஜ்: வாரா வாரம் தொடச்சுத் திருப்பிப் போடுறேன்ல. இந்தா, இந்தச் சுத்தியப் புடி.

பூவிழி: சுத்தி எதுக்கு?

ஆரோக்கியராஜ்: முழுச் சீஸ ஒடைக்காம உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கணும்னா தட்டித்தான் கேக்கணும். இத்தாலியில நான் வேல பாத்த கடையில பாதிப் பொழுது எனக்கு இதே வேலதான். தர்பூசணி வாங்குறப்பத் தட்டிப் பாப்பியே, அதே மாதிரி. சத்தம் கெட்டியா வந்தா நல்ல சரக்கு. காலிக் குடம் மாதிரி வந்தா உள்ள ஓட்டை. கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டுரணும்.

பூவிழி: அக்காவுக்கு உங்களவிட நல்லாக் கேக்கும்பீங்க.

ஆரோக்கியராஜ்: நான் நல்லாருக்குதுன்னு வெச்சுட்டுப் போனத, அவ ஒரு தட்டுத் தட்டிட்டு எடுத்துக் கீழ வெச்சுருவா. ஒடைச்சுப் பாத்தா உள்ள ஓட்டை இருக்கும். தட்டு. மெதுவா.

பூவிழி: நல்லாத்தான இருக்குது... இங்கயும் நல்லாத்தான் இருக்குது... இங்க... அய்ய.

ஆரோக்கியராஜ்: என்ன?

பூவிழி: இந்த ஓரத்துல வேற மாதிரி வருது. நீங்க சொன்ன காலிக் குடம். அப்பக் கெட்டுப் போச்சுங்களா மாமா? இதச் சொல்லத்தானா இவ்ளோ தயங்குனீங்க? ஊரு என்ன கோவிச்சுக்கவா போவுது, போற வழியில பூந்தி வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு.

ஆரோக்கியராஜ்: அவசரப்படாத. சாக்பீஸ்ல குறி போட்டிருக்கேன் பாரு. எங்கெங்க இருக்குது?

பூவிழி: எல்லாப் பக்கமும் இருக்குது.

ஆரோக்கியராஜ்: ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாளு ஓட்டை இருந்த எடம்.

பூவிழி: அப்ப நெறைய ஓட்டை.

ஆரோக்கியராஜ்: ஒண்ணுதான். அது நகருது.

பூவிழி: ...சீஸுக்குள்ள ஓட்டை நகருமா?

ஆரோக்கியராஜ்: நகராது. நான் தட்டாத சீஸ் இல்ல பூவு, எதுலயும் நகந்ததில்ல. இதுல மட்டும், எப்படித் திருப்பி வெச்சாலும் நான் ஒக்காந்திருக்கிற பக்கம் வந்துரும்.

பூவிழி: நீங்க ஒழுங்காச் சாப்புட்டு எத்தன நாளாச்சு?

ஆரோக்கியராஜ்: அதுக்கும் இதுக்கும் என்ன?

பூவிழி: இருக்குது. பட்டினி கெடந்தா காதுல என்னென்னமோ கேக்கும்.

ஆரோக்கியராஜ்: சரி, என் காது வேணாம். நான் செவுத்தப் பாத்து நின்னுக்குறேன். நீ உன் இஷ்டத்துக்குச் சுத்திவுட்டுட்டு நீயே தட்டு.

பூவிழி: ஒரே ஒரு தடவ. அப்பறம் கெளம்பிரணும், சரியா? ...என்ன கனம் கனக்குது. சுத்திட்டேன்.

ஆரோக்கியராஜ்: தட்டு.

பூவிழி: இங்க இல்ல... இங்கயும் இல்ல...

ஆரோக்கியராஜ்: என்ன, நின்னுட்ட? எந்தப் பக்கம்?

பூவிழி: என் பக்கம். என் வயித்துக்கு நேரா இருக்குது.

ஆரோக்கியராஜ்: இன்னொருக்காச் சுத்து.

பூவிழி: இருங்க... இப்பத் தட்டுறேன்.

ஆரோக்கியராஜ்: சுத்திட்டியா? எங்க இருக்குது?

பூவிழி: சுத்தல மாமா. அதத் தொடவே இல்ல. நான்தான் பலகையச் சுத்தி இந்தப் பக்கம் வந்தேன்... இங்க வந்துருச்சு.

ஆரோக்கியராஜ்: ம். இத்தன நாளா என் பக்கம் இருந்துச்சு. இன்னைக்கு உன்னைப் பாக்குது.

பூவிழி: அப்படிப் பேசாதீங்க. பாக்குறதுக்கு அதுக்குக் கண்ணா இருக்குது?

ஆரோக்கியராஜ்: மேரி... பூவு வந்திருக்குறா. வெட்டலாமா?

பூவிழி: மாமா, வேணாம்.

ஆரோக்கியராஜ்: கேட்டுச்சா?

பூவிழி: என்னது? ஒண்ணும் கேக்கல. நீங்க மொதல்ல வெளிய வாங்க, வெயில்ல நிக்கலாம்.

மாதையன்: யக்கா... கூப்புடணும்னா வாயத் தொறந்து கூப்புடக் கூடாதுங்களா? செவுத்துல தட்டுறீங்க. செத்தக் கண்ணசந்தவன் தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சேன்.

பூவிழி: யாரு தட்டுனது?

மாதையன்: நீங்கதான். இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான வேனை நிப்பாட்டியிருக்கேன்.

ஆரோக்கியராஜ்: எத்தன தட்டு மாதையா?

மாதையன்: ரெண்டுங்கண்ணா.

ஆரோக்கியராஜ்: நல்லாத் தெரியுமா?

மாதையன்: இதுல தெரியறதுக்கு என்னங்க இருக்குது, ரெண்டு தட்டுத்தான். சாமானத் தூக்கலாங்களா? மணி ஆவுது.

ஆரோக்கியராஜ்: தூக்கலாம். நீ போயி வேன் கதவத் தொறந்து வெய்யி.

மாதையன்: சரிங்க... இங்க மட்டும் என்னங்கண்ணா இவ்ளோ குளுரு? ஏசி நல்ல ஏசிங்களா?

ஆரோக்கியராஜ்: காலையில இருந்து கரண்டு இல்லப்பா.

மாதையன்: ...நான் வேன்லயே இருக்கேனுங்க.

பூவிழி: மாமா.

ஆரோக்கியராஜ்: ம்.

பூவிழி: ரெண்டு தட்டுனா...

ஆரோக்கியராஜ்: சொல்லு. உனக்குத் தெரியாததா?

பூவிழி: தொண்டையில பேச்சு நின்னதுக்கப்பறம் அக்கா கட்டில் சட்டத்துல தட்டுவா. ரெண்டு தட்டுனா ஆமா. ஒண்ணுன்னா இல்ல. காபி வேணுமாக்கான்னா ரெண்டு. மாத்திரை போடுறியான்னா...

ஆரோக்கியராஜ்: மாத்திரைக்கு எப்பவும் ஒண்ணுதான்.

பூவிழி: நீங்க செஞ்ச சூப்பு நல்லாருக்குதான்னு கேட்டாக்கூட ஒண்ணுதான் தட்டுவா.

ஆரோக்கியராஜ்: அன்னைக்கு உப்புக் கூடிப் போச்சு. என் மூஞ்சிக்காக ஒரு பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. இந்தா, இதப் புடி.

பூவிழி: இதென்ன, உளியா?

ஆரோக்கியராஜ்: கத்திதான். இதக் கேக் மாதிரி அறுக்கக் கூடாது. முனைய எறக்கி நெம்பணும், அதுவாப் பொளந்துக்கும். நெம்பு.

பூவிழி: நானா? நீங்க வெட்டுங்கன்னு சொல்லத்தான நான் வந்தேன்.

ஆரோக்கியராஜ்: வந்ததுல இருந்து வெட்டு வெட்டுன்ன. இப்பக் கைய ஏன் பின்னாடி கட்டிக்குற?

பூவிழி: பயமா இருக்குது மாமா.

ஆரோக்கியராஜ்: ஏன்?

பூவிழி: இருங்க. ஒண்ணு சொல்லிடுறேன். சொல்லிட்டா உங்களுக்கும் தெளிஞ்சுரும், எனக்கும் இந்தப் பயம் போயிரும். இது அக்கா இல்ல மாமா. இதுல அக்கா கையே படல. அன்னைக்கு நீங்க பெங்களூருக்குச் சரக்குக் கொண்டு போயிட்டீங்க. காரிமங்கலத்துப் பால் வந்து எறங்கிருச்சு. அக்காவால எந்திரிக்க முடியல. கட்டில இந்த ரூமுக்கே இழுத்துப் போட்டேன். சூடு போதுமாக்கா... ரெண்டு. கட்டிய ஒடைக்கட்டுமா... ஒண்ணு. அவ தட்டத் தட்ட நான்தான் காய்ச்சுனேன், நான்தான் துணியில அள்ளி அச்சுல ஊத்துனேன். முடிச்சுட்டு, 'மாமா வந்தா நீயே ஊத்துனேன்னு சொல்லிரட்டாக்கா, சந்தோசப்படுவாரு'ன்னு கேட்டேன்.

ஆரோக்கியராஜ்: என்ன தட்டுனா?

பூவிழி: ஒண்ணும் தட்டல. கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. திரும்பக் கேட்டேன். அப்பவும் தட்டல. அப்பறம் எதக் கேட்டும் தட்டல... அக்கா ஊத்துனான்னு நானா சொல்லிக்கிட்டதுதான் மாமா அது. நீங்க வந்து விழுந்து அழுதப்ப, வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

ஆரோக்கியராஜ்: ம்.

பூவிழி: அதனால இது வெறும் பாலு. நான் ஊத்துன பாலு. ரெண்டு வருசமா என் கைச் சரக்குகிட்ட ஒக்காந்து பேசிட்டிருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க மாமா.

ஆரோக்கியராஜ்: கோவம் இல்ல. நீ ஊத்துனதுன்னு எனக்குத் தெரியும்.

பூவிழி: தெரியுமா? எப்படி? ரூம்ல நானும் அக்காவும்தான் இருந்தோம். அம்மாகிட்டக்கூட நான் சொன்னதில்ல. யாரு சொன்னா உங்களுக்கு?

ஆரோக்கியராஜ்: மொதமொத அது தட்டுன அன்னைக்கே கேட்டேன், மேரி, இத நீயா ஊத்துனேன்னு. ஒண்ணு தட்டுனா. அப்பப் பூவிழியான்னேன். ரெண்டு. அதுல இருந்து நான் வெட்டட்டுமா, நான் வெட்டட்டுமான்னு கேட்டுட்டே இருக்கேன், ஒண்ணுக்கு மேல தட்ட மாட்டேங்குறா. ஊத்துன கைதான் தொறக்கணும்போல. புடி பூவு... இப்பவும் தட்டிட்டேதான் இருக்கா.