எதிர் மலைப் புகை

— அந்த மூடியைத் திறக்காதம்மா. ஆவி போச்சுன்னா சோறு வேகாது.

— திறந்துட்டேன்ணே. உள்ள வெறும் தண்ணிதான் கொதிக்குது.

— அது... உலை. அரிசி இனிமேதான் போடணும்.

— இப்பத்தானே சோறுன்னீங்க? பக்கத்து அடுப்புல பானையே இல்ல. பச்சை விறகை வெச்சுப் புகைய விட்டிருக்கீங்க. உங்க ஆளுங்க எல்லாம் எங்க?

— நல்லாருக்கே கதை. படை பின்பக்கம் இருக்கு. நீ யாரு, எதிர் மலையில நம்ம கூட்டாளிங்களுக்குச் சமைக்கிறவதானே? உங்க தலைவர் அனுப்பினாரா?

— நானாத்தான் வந்தேன். வெள்ளைக்காரன் பீரங்கியை வாய்க்கால் தாண்டி இழுத்துட்டு வந்துட்டான். உங்ககிட்ட கொஞ்சம் ஆளு கேக்கலாம்னு பின்பக்கமாத்தான் ஏறி வந்தேன். அங்க ஈ காக்கா இல்லைண்ணே.

— உக்காரு. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? விடியறதுக்கு முன்னாடியே எல்லாரும் இறங்கிட்டாங்க. ஊர் சனம் ஆத்தைத் தாண்டணும். படகு கொஞ்சம்தான், துணைக்கு ஆளு வேணும். எனக்கு முழங்கால் மடங்காது, ஓட முடியாது. நான் இருக்கேன், போங்கடான்னுட்டேன். துரை தூரக்கண்ணாடியில புகையைப் பாத்துத்தானே நம்ம ஆளுங்களைக் கணக்குப் போடறான்? பொழுது சாயற வரைக்கும் இத்தனை அடுப்பும் புகைஞ்சா போதும். என் மக கைக்குழந்தையோட இன்னும் இந்தக் கரையிலதான் படகுக்கு நிக்கறா.

— தனியா பயமா இல்லையாண்ணே?

— இல்லாம? காலையிலேர்ந்து வாயைத் திறந்து பேச ஆளில்ல. ஒவ்வொரு அடுப்பா நின்னு, எரிடா ராசான்னு கெஞ்சிக்கிட்டிருக்கேன். ஆனா நிமிந்து பாத்தா உங்க மலையில புகை. சரி, அவங்க இருக்காங்க, அவன் ஏறினா ஒரு கை பாத்துடுவாங்கன்னு ஒரு தெம்பு. அதுலதான் பொழுது ஓடுது. இங்க நடந்தது உங்க தலைவருக்குத் தெரியாது. கோபப்படுவார், போய்ப் பக்குவமாச் சொல்லு.

— நான் கிளம்பறேன்.

— இரும்மா, வந்ததும் வராததுமா. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயேன். மனுஷக் குரல் கேட்டு எவ்வளவு நேரமாச்சு.

— இருக்கத்தான் எனக்கும் ஆசை. முடியாதுண்ணே.

— ஏம்மா, அங்க பாரு. உங்க பக்கம் புகை மெலிஞ்சுபோச்சு. அந்தக் கோடி அடுப்பு அணைஞ்சே போச்சு. அத்தனை பேரு இருந்து, ஒருத்தனுக்குக்கூட விறகைத் தள்ளிவிடத் தோணலையா?

— அதுக்குத்தான் ஓடறேன். அங்கேயும் நான் ஒருத்திதான்ணே.