அவன் மூன்றாவதாகக் கேட்டது

பழைய பைக் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் டேங்கைத்தான் பார்க்கிறார்கள். பளபளப்பாக இருந்தால் மனசு இளகிவிடுகிறது. நான் டேங்கைப் பார்ப்பதே இல்லை. முன்சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்வேன். ஹேண்டில் போய் முட்டுகிற இடத்தில் சேஸியில் சின்னதாக ஒரு இரும்பு மொட்டு இருக்கும். வண்டி ஒரு தடவை பலமாக விழுந்திருந்தால் அது நசுங்கியிருக்கும். பெயின்ட் அடித்து மறைப்பார்கள். விரலை வைத்தால் தெரிந்துவிடும்.

நீங்கள் பைக் ஓட்டுவதில்லை என்றீர்கள் தம்பி, அதனால் சொல்கிறேன். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஒரு கையெழுத்துப் போட்டால் விபத்து என்று எழுதி முடித்துவிடலாம் என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். நல்ல மனசோடுதான் கூப்பிட்டீர்கள். டீயும் வரவழைத்தீர்கள். முடிப்பதற்கு முன்னால் அந்த வண்டியை நான் வாங்கின கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு பைக் புதிதில்லை. ராணுவத்தில் இருந்தபோது பக்கவண்டி வைத்த பைக்கில் தபால் கொண்டுபோவேன். அப்புறம் எங்கள் ஊர் தல்கரில் துணைமின் நிலையத்தில் வேலை, இப்போது ஓய்வு. இந்த வருஷம் பனி உருகியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி அல்மாட்டி போய் வண்டி பார்த்தேன். ஜப்பானிலிருந்து வருகிற அறுநூறு சிசி பந்தய மாடல்தான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஆயிரம் சிசியைக் கண்டால் விவரமுள்ள பையன்கள் ஒதுங்கிவிடுவார்கள். சின்ன வண்டியில் வேகம் இல்லை. அறுநூறு அப்படியில்லை, சொன்னபடி கேட்கும் என்று நம்ப வைக்கும்.

கஸ்கெலென் ஊரில் ஒரு பல் டாக்டர் தன் வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். மொட்டு பழுதில்லாமல் இருந்தது. நூல் பிடித்துப் பார்த்தேன், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நின்றன. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு கிடையாது. எழுந்து, வேண்டாம் என்றேன். டாக்டரின் மச்சான் பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நின்றான்.

"என்ன பெரியவரே, வண்டி பாக்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா? இதுல என்ன குறையைக் கண்டீங்க?"

"குறை ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் பேரம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

இப்படி நல்ல வண்டிகள் நிறைய விட்டேன். நான் தேடினது பெரிய சந்தைக்குப் பின்னால் ரோமன் பாக் என்கிற கொரியக்காரரின் பட்டறையில் இருந்தது. அடிபட்ட வண்டிகளை வரவழைத்து, பிரித்து, உதிரியாக விற்கிறவர் அவர். மூலையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று முழுசாக நின்றது. என் கை அதன் மேல் போனதும் அவர் எழுந்து வந்துவிட்டார்.

"அது ஓட்டுறதுக்கு இல்ல அண்ணே. பாக்க மகாராணி மாதிரி இருக்கும், ஹேண்டில் கழுத்து வளைஞ்சிருக்கு. நூறைத் தாண்டினா உதற ஆரம்பிக்கும், அப்புறம் யார் புடிச்சாலும் நிக்காது. நானே ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன். அன்னைக்கு வீட்டுக்குப் போய் பொண்டாட்டிக்குப் பாத்திரம் கழுவிக் குடுத்தேன். கல்யாணத்துக்கப்புறம் அதான் முதல் தடவை."

எஞ்சின் எப்படி என்று கேட்டேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு எஞ்சின் போதும், பக்கத்து வீட்டுக்காரர் மணலில் ஓட்ட ஒரு வண்டி கட்டுகிறார் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"ரோட்டுல விட மாட்டீங்கன்னு கையடிச்சுக் குடுங்க."

கொடுத்தேன். அந்த வாக்கை நான் மீறவில்லை. நான் அதில் ஒரு நாளும் ஏறவில்லை. ரோமன் மேல் வழக்கு எதுவும் வரக்கூடாது, அதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தன்னுடைய வேனிலேயே கொண்டுவந்து என் ஷெட்டில் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மரியாதையான மனுஷன்.

என் மகன் அப்சால் போய் இது இரண்டாவது வருஷம். ரத்தத்தில் நோய். யாருடைய தப்பும் இல்லை, கடைசியில் டாக்டர் பெண்ணே வராந்தாவில் நின்று அழுதாள். என் மனைவி ஷிம்கெண்டில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். என் முகத்தில் அவன் ஜாடை தெரிகிறதாம், பார்க்க முடியவில்லை என்றாள். நானும் இரு என்று சொல்லவில்லை.

மேதெத் என் தங்கை ஷொல்பானின் மகன். அவளுக்கு ஒரே பிள்ளை. அவள் புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. மேதெத்தும் அப்சாலும் ஒரே வருஷத்தில் பிறந்து ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். அப்சால் போன பிறகு மேதெத் சனிக்கிழமைதோறும் வந்துவிடுவான். கூரையில் பனி தள்ளுவான், நிலக்கரி அள்ளிப் போடுவான், நான் கேட்க மாட்டேன், அவனும் சொல்லிக்காட்ட மாட்டான். அல்மாட்டியில் ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. எனக்கும் அவனுக்கும் பகை உண்டா என்று கேட்பீர்கள். கிடையாது. தங்கமான பையன்.

நீங்களும் ஒரு தாய்மாமனுக்கு மருமகன்தானே தம்பி, வழக்கம் தெரிந்திருக்கும். தங்கை மகன் மூன்று தடவை எதைக் கேட்டாலும் தாய்மாமன் இல்லை என்று சொல்லக்கூடாது. மேதெத் சின்ன வயசில் என் வேட்டை நாயின் குட்டியைக் கேட்டான். இரண்டாவதாக, அப்சாலின் துணிமணிகளை ஊரில் பகிர்ந்து கொடுத்த அன்று அவனுடைய தோல் ஜாக்கெட்டைக் கேட்டான். இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

நானாக வண்டியைக் கொடுத்தால், நான் கொடுத்ததாக ஆகும். அவன் கேட்டால் அப்படியில்லை, வழக்கம் கொடுத்ததாக ஆகும். இந்த வித்தியாசம் அப்போது எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தது. அதனால் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷெட் கதவைத் திறந்து வைத்தேன், சாவியை ஆணியில் மாட்டினேன், சனிக்கிழமைக்கு முன்னால் டேங்கைத் துடைத்து வைத்தேன்.

நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை. மேதெத் அதைக் கடிக்கிற நாயைப் பார்ப்பது போலப் பார்த்தான். எதற்கு இது என்று கேட்டான். ஓட்டத்தான் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. அதன் பிறகு சனிக்கிழமை மட்டும் இல்லாமல் நடுவாரத்திலும் வர ஆரம்பித்தான். ஒரு நாள் சாவியைக் காணோம். நிலக்கரி வாளியின் அடியில் கிடந்தது. எடுத்து அதே ஆணியில் மாட்டினேன். ஏன் அங்கே போனது என்று எனக்கு விளங்கவில்லை. பையனுக்கு இதில் ஆசை இல்லை, ரோமனைக் கூப்பிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். அப்படியும் ஒரு மனசு இருந்தது.

ஜூன் மாதம் ஒரு நாள் மதியம் வந்தான். உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மாமா, உங்ககிட்ட எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"இருக்கு."

"அந்த பைக் வேணும்."

"புடிச்சிருக்கா?"

தொப்பியை மேசை மேல் வைத்தான்.

"புடிக்கல மாமா. பாத்தாலே பயமா இருக்கு. நீங்க அதை எதுக்கு வாங்கினீங்கன்னு எனக்குத் தெரியும். அப்சால் கிட்டப் போறதுக்குத்தானே? அம்மாகிட்ட நான் சொல்லல. நீங்களும் போயிட்டா எங்களுக்கு யாரு மாமா இருக்கா? குடுத்துடுங்க. வித்து, காசை உங்க கையிலயே குடுத்துடறேன். இல்லேன்னு சொல்ல முடியாதுல்ல உங்களால, அதான் கேக்கறேன்."

கல்யாணத்துக்குக் குதிரை கேட்பான், இல்லை, வீடு கட்ட நிலம் கேட்பான் என்று ஷொல்பான் கேலி செய்வாள். அந்தக் கடைசி உரிமையை அவன் என் உயிருக்காகச் செலவு செய்தான். எனக்கு அது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரியாமல் கொடுத்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எடுத்துக்கோ என்றேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டான். சாயங்காலம் சிநேகிதன் வேன் கொண்டுவருவான், ஏற்றிக்கொண்டு போய்விடுகிறேன் என்றான். வேனில் போயிருந்தால் வண்டி விலைபோயிருக்கும். இல்லாவிட்டால் யாராவது விவரம் தெரிந்தவன் மொட்டில் விரல் வைத்துப் பார்த்துச் சிரித்திருப்பான். மேதெத் இன்று சாப்பாடு கொண்டுபோய்க்கொண்டிருப்பான்.

நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன். "வேன் எதுக்குடா? ஓட்டிட்டே போ. ஆனா மெதுவாப் போகாத, எஞ்சின் சூடாகிடும். நெடுஞ்சாலை ஏறினதும் நல்லா முறுக்கு."

அவன் தலையாட்டினான். அப்சாலின் ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தான். தெரு முனை வரைக்கும் மெதுவாகவே போனான், பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சாலை நேராக, காய்ந்து கிடந்தது, வேறு வண்டி எதுவும் இல்லை, எப்படி விழுந்தான் என்று தெரியவில்லை என்று சொன்னீர்கள். வயசுப் பையன், வேகத்தில் ஆசை என்றீர்கள். அவனுக்கு வேகத்தில் ஆசை இல்லை. மாமா சொன்னதைக் கேட்டான், அவ்வளவுதான். அந்தப் பேச்சு அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது போல. நானே சொல்கிறேன்.

ஷொல்பான் வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வருவாள். இறந்தவர்களுக்காக எண்ணெயில் ரொட்டி பொரிப்போமே, அப்சாலுக்காக அதைப் பொரிப்பாள். ரெண்டு பேரும் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசுவோம், அழுவோம். அவள் பொய்யாக அழவில்லை. அப்போது போன் அடிக்கும். மேதெத்தாக இருக்கும். சாப்பிட என்ன இருக்கு, நீலச் சட்டை எங்கே, இப்படி ஏதாவது. அவள் குரல் மாறிவிடும். அழுகை இருந்த இடமே தெரியாது. "வந்துட்டேன்டா, அடுப்பைத் தொடாத" என்பாள். கண்ணைத் துடைத்து, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கதவு சாத்தின பிறகு நானும் அந்த ரொட்டியும்தான் இருப்போம். வீடு முழுக்க எண்ணெய் வாசனை அடிக்கும்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அப்படிக் குரல் மாற்ற முடிகிற ஒருத்திக்கு, எனக்கு என்ன ஆகிவிட்டது என்று எப்படித் தெரியும்? எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். புரியுது அண்ணா, புரியுது அண்ணா என்பாள். புரியவில்லை. சொல்லிப் புரிய வைக்கிற விஷயம் இல்லை அது. என் கூட உட்கார ஒரு ஆள் வேண்டியிருந்தது தம்பி, எழுந்து போகாத ஒரு ஆள்.

அடக்கம் முடிந்த அன்று அவள் என் தோளில் சாய்ந்தாள். வேன் வைத்திருக்கிற சிநேகிதன் அவளிடம் சொல்லியிருக்கிறான். "உங்களுக்காகத்தான் கேட்டானாமே அண்ணா. நீங்களாவது பத்திரமா இருங்க" என்றாள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதன் பிறகு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. போனை எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை நானே ரொட்டி பொரித்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் அப்படியே இருந்தது. முதல் சில மாதம் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். நான் காத்திருப்பேன்.

நான் சொன்னது எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உதவி. ஷொல்பானிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். முதலில் அழுவாள். அப்புறம் புரிந்துகொள்வாள். என்னைப் புரிந்துகொள்ள இந்த உலகத்தில் இப்போது அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.