வெள்ளையாக விட்ட வீடு

இன்ஸ்பெக்டர் ஐயா, காப்பிக்கு நன்றி. சீனி சரியாக இருக்கிறது. முத்தாயி அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். படத்தைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும்.

சிரம்பானில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. புகைப்படம் கொடுத்தால், பேனாவால் மை தொட்டு வரைந்ததுபோல் இயந்திரம் கோடு கோடாக வரைந்து தரும். எல்லா இலையையும் எல்லாப் பலகையையும் வரையவிட்டால் தாள் கறுத்துப் போகும். எங்கே கோடு விழ வேண்டும், எங்கே வெள்ளையாக விட வேண்டும் என்று நான்தான் குறிக்க வேண்டும்.

தொண்ணூற்று ஆறில், புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள். மாற்று வீடு கிடைக்காத சிலர் இன்னும் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தார்கள். புல்டோசர் ஓட்டுநர் இந்தோனேசியர். ஆள் பெயரைச் சொன்னால் அவருக்கு வீடு தெரியாது. அதனால் தோட்டத்து மேலாளர் என்னிடம் படம் கேட்டார். ஆள் இருக்கும் வீட்டுக்குக் கோடு. காலி வீடு வெள்ளை. வெள்ளையை இடிக்கலாம்.

முத்தாயி அம்மா லயத்துக்கு முன்னால் ஒரு பலகை வீட்டில் தனியாக இருந்தார். படம் பிடிக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பயமா இருக்குய்யா தம்பி. என் வீட்டயும் போட்டுரு லா. எனக்குப் போக எடமில்ல.”

“போட்டுருவேன்மா. நிம்மதியா இருங்க.”

போட்டும் பார்த்தேன். துணிக்கொடி, கோழிக்கூடு, விறகு, தகரம் என்று ஒரே குப்பை. பின்னால் இருந்த ரப்பர் மரங்களின் அழகே போயிற்று. எரிச்சலாக வந்தது. அந்த வீட்டை மட்டும் வெள்ளையாக்கினேன். அடடா, படத்துக்கு மூச்சு வந்துவிட்டது. திருப்பி மாற்ற மனம் வரவில்லை. அப்படியே கொடுத்தேன்.

இடிக்கிற அன்று காலையில் நானும் போனேன். புல்டோசர் சத்தம் கேட்டு அவர் சன்னலில் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது. என்னைக் கண்டதும் தெளிந்துவிட்டார். சிரித்துவிட்டு உள்ளே போனார்.

ஓட்டுநர் நின்ற பக்கத்துச் சுவரில் சன்னல் இல்லை; அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. அவர் படத்தை நீட்டி, “கோசோங்?” என்றார். காலிதானே என்று கேட்கிறார்.  அம்மா வெளியே வந்துவிடுவாரோ என்று எனக்கு அவ்வளவு பயம், ஐயா. தலையாட்டினேன்.

கொலைகாரன் என்கிறார்கள். அவரை ஒரு வார்த்தை வைததில்லை நான். தூசி அடங்கியதும் நீங்களும் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். படத்தில் ஒரு பிழையும் இல்லை.